நாடு துக்கம் முடித்துவிட்டது, மாமி முடிக்கவில்லை

தம்பி, நீங்கள் தலைப்பில் போட்ட கேள்வி ஒன்று, உள்ளே கேட்டிருப்பது மூன்று. "ஒரு தேசியப் பேரழிவுக்குப் பிறகு மக்கள் துயரத்திலிருந்து மீண்டு ஒற்றுமையாவது எப்படி?" என்பது தலைப்பு. அதற்குக் கீழே எழுதியிருக்கும் நாலைந்து வரிதான் விஷயம். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நடந்த குண்டுத் தாக்குதலில் உங்கள் மாமி மகனைப் பறிகொடுத்தார். ஏப்ரல் வந்து தொலைக்காட்சியில் யாராவது ஒற்றுமை பற்றிப் பேசத் தொடங்கினால் எழுந்து குசினிக்குள் போய்விடுகிறார். அதுவரை வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்த முன்வீட்டு முஸ்லிம் குடும்பம் அதன் பிறகு வாசலோடு நின்றுவிட்டது. நீங்கள் அன்று மச்சானோடு பூசைக்குப் போக இருந்து, தூங்கிப்போனதால் தப்பியவர். இன்றைக்கும் அந்த மாதத்தில் உங்களுக்கு உறக்கம் இல்லை. ஆனால் மாமியின் துயரத்துக்கு முன்னால் உங்களுடையதைத் துயரம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். மாமிக்கு என்ன செய்யலாம், முன்வீட்டோடு என்ன செய்யலாம், உங்களுக்கு என்ன செய்துகொள்ளலாம், இவைதான் நீங்கள் கேட்டவை என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் மனநல மருத்துவர் இல்லை. சுனாமிக்குப் பிறகு அம்பாறைக் கரையோர முகாம்களில் உளசமூகப் பணியில் சேர்ந்தவன். பின்னர் கொழும்பில், பெரும்பாலும் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்துக் குடும்பங்களோடு அதே வேலையைத் தொடர்ந்தேன். ஆகவே உங்கள் மாமிக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று ஒரு பதிவை வாசித்துவிட்டு நான் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவர்களை நீங்களும் நம்ப வேண்டாம். ஆய்வுகள் உறுதியாகச் சொல்பவை எவை, நான் பார்த்ததை வைத்து ஊகிப்பது எவை என்று பிரித்துக்காட்ட முடியும்.

முதலில் உறுதியானவை. பேரழிவில் உறவை இழந்தவர்களில் பெரும்பாலானோர் மருத்துவச் சிகிச்சை எதுவும் இல்லாமலே, சுற்றியிருப்பவர்களின் துணையோடு, காலப்போக்கில் வாழ்க்கையைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறார்கள். இது பல நாடுகளில் பல அழிவுகளுக்குப் பிறகு திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. அடுத்தது, துக்கத்துக்குப் படிகள் கிடையாது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டங்களை ஒப்பிப்பவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969 இல் அதை எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்து. உறவை இழந்தவர்களைப் பார்த்து அல்ல. துக்கம் அந்த வரிசையில் நகர்கிறது என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு. ஆனாலும் "உங்கட மாமி இன்னும் கோபத்திலயே நிக்கிறா, அடுத்த கட்டத்துக்குப் போகல்ல" என்று யாராவது ஒரு பயிற்சிப்பட்டறை முடித்தவர் வந்து சொல்லுவார். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அந்தக் கட்டங்களைவிட நான் பார்த்த வீடுகளுக்குப் பொருந்துவது, ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999 இல் முன்வைத்த விளக்கம். துக்கப்படுபவர் இரண்டு பக்கமும் போய்ப் போய் வருவார். ஒரு நேரம் இழந்தவரோடேயே இருப்பார்; படத்தைப் பார்ப்பார், அழுவார், பழையதைச் சொல்வார். இன்னொரு நேரம் தண்ணீர் பில் கட்டுவார், மற்றப் பிள்ளையின் டியூஷன் காசைப் பற்றிக் கவலைப்படுவார், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குச் சேலை எடுப்பார். போய் வருகிற அந்த அசைவு இருக்கும் வரை பயமில்லை. காலையில் சிரித்துப் பேசிய மாமி பின்னேரம் அழுதால் அவர் பின்னுக்குப் போய்விட்டார் என்று அர்த்தமில்லை. ஒரே பக்கத்தில் இறுகிப்போனால்தான் யோசிக்க வேண்டும். எந்நேரமும் இழப்பிலேயே கிடப்பதும் இறுக்கம்தான். ஒருநாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவிடாமல் ஓடிக்கொண்டே இருப்பதும் இறுக்கம்தான். இரண்டாவது வகையை நம் ஆட்கள் "மனுசி தைரியமானவ" என்று மெச்சிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன், ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். இறந்த மகனின் தொலைபேசி இலக்கத்துக்கு அவர் மாதம் தவறாமல் ரீலோட் போடுவார். போனில் கதைப்பதற்கு இல்லை. நாளுக்கு ஐம்பது தடவை அந்த இலக்கத்துக்கு அழைத்து அழுவதும் இல்லை. காசு போடாவிட்டால் கொஞ்ச நாளில் கம்பெனி அந்த இலக்கத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும், மகனின் இலக்கத்தில் வேறொருவன் "ஹலோ" சொல்வதைத் தன்னால் தாங்க முடியாது என்றார். சந்திக் கடைக்காரருக்குப் பழக்கம். மாதத் தொடக்கத்தில் அவரைக் கண்டதும் இலக்கத்தைக் கேட்காமலே போட்டுவிடுவார். கணவருக்கு மட்டும் அது பைத்தியமாகத் தெரிந்தது. மனைவியை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்ததே அதற்காகத்தான். நான் கேட்டது, அவர் சமைக்கிறாரா, தூங்குகிறாரா, வேலைக்குப் போகிறாரா, மற்றப் பிள்ளைகளோடு எப்படி என்பதை மட்டும். எல்லாம் ஓரளவு நடந்துகொண்டிருந்தது. ரீலோட் போட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். இறந்தவரோடு ஒரு தொடர்பை வைத்துக்கொண்டே வாழ்வது நோயல்ல என்பதில் இன்று துறைக்குள் பெரிய சர்ச்சை கிடையாது. திதி கொடுப்பதையும், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு அச்சடிப்பதையும், மரித்தோர் திருநாளுக்குக் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவதையும் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற நமக்கு இது புதிதும் இல்லை.

எப்போது கவலைப்படுவது? நீடித்த துயரக் கோளாறு என்று ஒன்றை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு ஏற்றிருக்கிறது. ஆறு மாதம் கடந்தும், அந்தச் சமூகத்தின் வழக்கத்துக்கு மிஞ்சி, நாளாந்த வாழ்க்கையை நடத்த முடியாத அளவுக்கு ஏக்கம் பிடித்து ஆட்டினால் அது அந்தக் கணக்கில் வரும். அமெரிக்க வகைப்பாடு 2022 இல் வந்த திருத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்திருக்கிறது. அந்தக் கால எல்லைகளைவிட "அந்தச் சமூகத்தின் வழக்கத்துக்கு மிஞ்சி" என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வருடக்கணக்காக வெள்ளைச் சேலை மட்டும் உடுத்துகிற தாய் ஒஸ்லோவில் விசித்திரமாகத் தெரியலாம், ஜிந்துப்பிட்டியில் தெரியமாட்டார். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: சாப்பாட்டை விட்டுவிட்டாரா, வீட்டைவிட்டு வெளியே இறங்குவதே இல்லையா, மகன் போன அன்றே தன் வாழ்க்கையும் முடிந்தது என்பதை வாய்ச்சொல்லாக இல்லாமல் அப்படியே வாழ்கிறாரா, தானும் போய்விட வேண்டும் என்கிறாரா. கடைசியாகச் சொன்னது ஒருமுறை காதில் விழுந்தாலும் தாமதிக்க வேண்டாம். இந்தக் கோளாறுக்கென்றே வடிவமைத்த பேச்சுச் சிகிச்சை உண்டு, அது பலன் தருகிறது என்பதும் சோதித்து அறிந்ததுதான்.

உறுதியான இன்னொன்று, அழிவு நடந்த உடனே ஆட்களைக் கூட்டி உட்காரவைத்து "என்ன பார்த்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள், எல்லாவற்றையும் கொட்டுங்கள்" என்று ஒரே அமர்வில் பிழிந்தெடுப்பது உதவாது; சிலருக்குக் கெடுதலும் செய்யும். சுனாமி நேரம் அப்படியான ஆலோசகர்கள் வெளிநாடுகளிலிருந்து விமானம் விமானமாக வந்து இறங்கினார்கள், ஒரே பிள்ளையிடம் ஒரே கதையை மூன்று குழுக்கள் கேட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு, 2007 இல், அவசரகால உளசமூகப் பணிக்கென்று சர்வதேச வழிகாட்டிகள் வந்தன. 2011 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியின் சாரம் மூன்றே வேலைதான்: நிலைமையைப் பார், சொல்வதைக் கேள், தேவையான உதவியோடு சேர்த்துவிடு. சொல்லாதவரிடம் தோண்டக் கூடாது.

இனி ஒற்றுமைக்கு வருகிறேன். எனக்குச் சொல்ல இருப்பதில் பெரும்பகுதி இங்கேதான். மாமி எழுந்து குசினிக்குப் போவதைக் குறையாக நினைக்காதீர்கள். துயரத்தை ஆற்றுவது ஒரு வேலை, ஒற்றுமையைக் கட்டுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாக்கி, அதுவும் இழந்தவர்களின் தலையில் வைப்பது அநியாயம் என்பது என் கருத்து. 2004 மார்ச் 11 இல் ஸ்பெயினின் மட்ரிட் நகரத்து ரயில்களில் குண்டு வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடு முழுக்க இலட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். அங்கேயுள்ள உளவியலாளர்கள் பின்னர் அதை ஆராய்ந்தார்கள். ஊர்வலத்தில் போனவர்களுக்கு மற்றவர்களோடு ஒட்டுதல் கூடியிருந்தது, நம்பிக்கை கூடியிருந்தது. ஆனால் துக்கம் குறையவில்லை. என் அனுபவமும் அதேதான். கூடி நின்று மெழுகுதிரி ஏற்றுவது நிற்பவர்களைச் சேர்க்கும். அதனால் தாயின் மனம் ஆறிவிடும் என்று எதிர்பார்ப்பதும், ஆறவில்லை என்று தாயைக் குறைசொல்வதும்தான் பிழை.

இன்னொன்று, முதல் வாரங்களில் பொங்குகிற ஒற்றுமை உண்மையானது, ஆனால் நிலைக்காதது. அழிவுகளைப் படிப்பவர்கள் இதை ஒரு பருவமாகவே சொல்வார்கள். அதன் பிறகு ஏமாற்றப் பருவம் வரும். நாங்கள் இதை வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 இல் இந்த நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. அந்த முதல் நாட்களில் கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் பிணத்தை மற்றவர் தூக்கினார்கள், சிங்கள ஊர்களிலிருந்து பாணும் பருப்பும் லொறியில் வந்தது. அரை வருடம் போகவில்லை. 2005 ஜூனில், உதவியைப் பகிர்வதற்கு அரசாங்கமும் புலிகளும் ஒரு பொதுக்கட்டமைப்பில் கையெழுத்திடுவதற்குச் சில நாள் முன்பே, அதை எதிர்த்து, ஆளும் கூட்டணியில் இருந்த ஜே.வி.பி. கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. முஸ்லிம்கள் தங்களைக் கேட்காமல் செய்த ஏற்பாடு என்று மனம் கசந்தார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் முக்கியமான பிரிவுகளை நிறுத்திவைத்தது. கூரைத் தகடு யாருக்கு, வீடு யாருக்கு என்று வந்ததும் அந்த முதல் வாரத்து ஒற்றுமை போன இடம் தெரியவில்லை.

2019 இல் அதற்கு மூன்று வாரம்தான் எடுத்தது. ஏப்ரல் 21 இல், முஸ்லிம் தீவிரவாதக் குழுவொன்றின் தற்கொலைக் குண்டுகளில், மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் குடும்பம் குடும்பமாக. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். 23ஆம் திகதி காலை எட்டரைக்கு நாடு முழுவதும் மூன்று நிமிடம் மௌனம். பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை பழிவாங்க வேண்டாம் என்று மன்றாடினார். அடுத்த ஞாயிறு கோயில்களில் பூசை நடக்கவில்லை, அவர் தன் இல்லத்தில் ஒப்புக்கொடுத்த பூசையைச் சனங்கள் தொலைக்காட்சியில் கண்டார்கள். முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, குண்டுதாரிகளின் உடல்களைத் தங்கள் மையவாடிகளில் ஏற்கமாட்டோம் என்று அறிவித்தது. இவ்வளவும் நடந்தது. மே 13 இல் குருநாகல் மாவட்டத்துக் கிராமங்களிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. கொட்டாரமுல்லையில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அது நோன்பு மாதம். உங்கள் முன்வீட்டுக்காரர் வாசலோடு நின்றுவிட்டதற்குக் காரணம் உங்கள் மாமி அல்ல, அந்த மே மாதமாக இருக்கலாம். அதற்குப் பிறகு கொரோனா வந்தது. இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று 2020 இல் சட்டம் போட்டு, 2021 பெப்ரவரி வரை முஸ்லிம்களின் ஜனாசாக்களையும் எரித்தார்கள். 2024 இல்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முன்வந்தது. அந்த வீட்டிலும் வெளியே சொல்லாத ஒரு துக்கம் கிடக்கக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

"தேசியத் துயரம்" என்ற பேச்சில் எனக்குள்ள தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்தத் துயரம் தேசியத் துயரம் என்பதை இந்த நாட்டில் எப்போதும் வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். ஒரே மே மாதத்து ஒரே கிழமையில் தெற்கில் படைவீரர்களை நினைவுகூர்வார்கள், வடக்கு கிழக்கில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவார்கள். கஞ்சி கொடுத்ததற்காக 2024 இல் சம்பூரில் ஆட்களைக் கைது செய்தும் இருக்கிறார்கள். எண்பத்து மூன்று ஜூலையில் கொழும்பில் எரிந்த தமிழர் வீடுகளுக்கு யாரும் மூன்று நிமிடம் எழுந்து நிற்கவில்லை. அப்படியிருக்க, உங்கள் மாமியின் தலைமுறைத் தமிழருக்கு "நாங்கள் எல்லோரும் ஒன்று" என்ற வசனம் உடனே இறங்காது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் வட பகுதியில் பல ஆண்டுகள் மருத்துவராக இருந்து, போரின் காயம் தனி ஆட்களில் மட்டும் இல்லை, குடும்பத்திலும் ஊரிலும் நம்பிக்கையிலும் இருக்கிறது என்று கூட்டு மனவடுவைப் பற்றி எழுதினார். ஊருக்குப் பட்ட காயத்துக்கு ஊர்தான் ஏதாவது செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவரைத் தனியே மேடைக்கு ஏற்றி மன்னிக்கச் சொல்வது அந்த வகையில் சேராது.

நீதியும் இதில் சேர்ந்ததுதான். 2019 தாக்குதல் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு, புலனாய்வு அதிகாரிகளுக்கும் தனித்தனியே தொகை விதித்தது. இழந்த குடும்பங்களில் பலர் இன்றுவரை கேட்பது காசை அல்ல, பின்னால் யார் இருந்தார்கள் என்ற பதிலை. பதில் வந்தால் மனம் ஆறுமா? இங்கே உறுதியாகப் பேச முடியாது. உண்மை வெளிவந்ததும் ஆறுதலடைந்த குடும்பங்களும் உண்டு, வழக்கு முடிந்த மறுநாள்தான் உடைந்துபோனவர்களும் உண்டு. பதில் வராமலிருப்பது துக்கத்தை இழுத்தடிக்கிறது என்பதை மட்டும் வீட்டுக்கு வீடு கண்டிருக்கிறேன். மாமி கோபப்பட்டால் அதைச் சமாதானப்படுத்தி அடக்கப் பார்க்காதீர்கள். அது நோயின் குறி இல்லை, நியாயமான கேள்வி.

இனி வீட்டில் செய்யக்கூடியது. மச்சானின் பெயரைச் சொல்லுங்கள். இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை அந்த வீட்டில் மாமியைத் தவிர வேறு யாராவது சத்தமாகச் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம். நினைவுபடுத்தி நோகடிக்கக் கூடாது என்று எல்லோரும் பயப்படுவார்கள், மாமி மறந்திருந்தால்தானே நினைவுபடுத்துவதற்கு! அவருக்குத் தெரியாத ஒரு கதை உங்களிடம் இருக்கும். இரண்டு பேரும் பாடசாலைக்குக் கட் அடித்துவிட்டுக் காலிமுகத் திடலில் இஸ்ஸோ வடை தின்றது மாதிரி ஏதாவது. அதைச் சொல்லுங்கள். எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். அவர் கீரை ஆயும்போது நீங்களும் ஒரு பிடியை எடுத்து ஆய்ந்துகொண்டே சொல்லுங்கள், கை வேலையில் இருந்தால் வாய் லேசாகத் திறக்கும். அழுதால் அழட்டும், தண்ணீர் கொண்டுவர ஓட வேண்டாம். "காலம் ஆத்தும்", "கடவுள்ட சித்தம்", "மற்றப் பிள்ளைக்காகவாவது நீங்க தைரியமா இருக்கணும்" என்ற மூன்றையும் தவிருங்கள். கடவுளைப் பற்றி அவர் பேசினால் கேளுங்கள். திட்டினாலும் கேளுங்கள், அந்தோனியார் அதையெல்லாம் நிறையக் கேட்டிருப்பார்.

ஏப்ரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உயிர்த்த ஞாயிறு ஒவ்வொரு வருடமும் நகர்கிற நாள். 2024 இல் மார்ச் 31, 2025 இல் ஏப்ரல் 20. அதனால் மாமிக்கு வருடத்தில் இரண்டு நினைவுநாள்: திகதி ஒன்று, திருநாள் ஒன்று. பெரிய வெள்ளியிலிருந்தே வயிற்றைப் பிசையத் தொடங்கியிருக்கும். நடுவில் சித்திரைப் புத்தாண்டு வருகிறது, தெரு முழுக்கச் சீன வெடி. அன்று அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கும், கேட்காவிட்டாலும் மனதில் பலமுறை கேட்டவர்களுக்கும், வெடிச் சத்தம் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. சந்தியில் வெடி கொளுத்துகிற பையன்களிடம் நீங்களே போய், எத்தனை மணிக்குக் கொளுத்தப் போகிறீர்கள் என்று கேட்டு மாமிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதிர்பாராமல் கேட்கிற சத்தம்தான் அதிகம் வதைக்கும். நினைவுப் பூசைக்குப் போவதா இல்லையா என்பதை அவரே முடிவுசெய்யட்டும். போனால் பக்கக் கதவோரமாக உட்காருங்கள், தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரை வெளியே நிற்கச் சொல்லுங்கள். கமெராக்காரர்கள் தாய்மாரின் முகத்தைத் தேடி வருவார்கள், நீங்கள் அந்தப் பக்கமாக உட்கார்ந்து மறைத்துக்கொள்ளலாம். வேண்டிய நேரம் எழும்பி வரலாம் என்று தெரிந்தால் பலர் கடைசிவரை இருந்துவிடுவார்கள்.

முன்வீட்டு விஷயம். இரு தரப்பையும் ஒரு நாள் உட்காரவைத்துச் சமாதானம் செய்துவைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே சண்டையே இல்லை, கூச்சம்தான் இருக்கிறது. அவர்கள் செய்யாத குற்றத்துக்கு அவர்களை மன்னிப்புக் கேட்கவைப்பதும் பிழை, மாமியை "உங்கள்மேல் எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லவைப்பதும் பிழை. முதலில் மாமியிடம் கேளுங்கள்: "முன்வீட்டு உம்மா உங்களப் பார்க்க வந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?" வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள், அடுத்த வருடம் கேட்கலாம். சரி என்றால் அந்த உம்மாவிடம் போய், மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று சொல்லுங்கள். அவரும் அவனைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்தானே, "என்ட வீட்டு நோன்புக் கஞ்சிக்குக் கோப்பையோட வந்து நிப்பான்" என்று ஏதாவது இருக்கும். பத்து நிமிடம், ஒரு பிளேன்டி, அவ்வளவுதான். படம் எடுத்து முகநூலில் போடுவது அறவே கூடாது.

அதற்குப் பிறகு உறவைத் தாங்கிப் பிடிப்பது பேச்சு இல்லை, சேர்ந்து செய்கிற காரியம். கோர்டன் ஆல்போர்ட் 1954 இலேயே எழுதியது இது: பகைமையைக் குறைப்பது வெறும் சந்திப்பு அல்ல, சமமான நிலையில், பொதுவான ஒரு தேவைக்காக, சேர்ந்து உழைக்கிற சந்திப்பு. பின்னர் வந்த ஏராளமான ஆய்வுகள் பெரும்பாலும் அதை ஒப்புக்கொள்கின்றன. ஆனால் அது அடுத்த கலவரத்தைத் தடுக்குமா என்பதில் நான் உறுதியாக இல்லை. கலவரங்களை நடத்தியவர்கள் பல இடங்களில் அந்தத் தெருவுக்கே வெளியாட்கள். தெருவுக்குள் இருப்பவர்கள் கதவைத் திறந்துவிடுவதும் விடாததும் மட்டும் பழக்கத்தைப் பொறுத்தது. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் இதற்கு வாய்ப்புக்குக் குறைவில்லை: மழைக்கு அடைக்கிற கான், மாநகரசபையில் கொடுக்க வேண்டிய மனு, பிள்ளைகளின் ஸ்கூல் வேன். மத நல்லிணக்கக் கூட்டத்தில் நாலு மதகுருமார் வரிசையாக நின்று விளக்கேற்றுவதைவிட அந்தக் கானில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கடைசியாக நீங்கள். உங்களுடையதும் துயரம்தான். தூங்கிப்போனதால் தப்பியவனுக்கு வருகிற குற்றவுணர்வு மிகச் சாதாரணம், அதற்கு நியாயம் இல்லை என்று தெரிந்தாலும் வரும். "நான் போயிருந்தால் அவனை வேறு பக்கம் உட்காரவைத்திருப்பேனே" என்று மனம் கணக்குப் போடும். அதை வைத்துக்கொண்டு மாமியிடம் ஆறுதல் தேடிப் போக வேண்டாம், உங்களுக்கு ஒரு நண்பரோ பாதரோ ஆலோசகரோ இருக்க வேண்டும். ஏப்ரலில் வருகிற பழைய காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். 2013 பொஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு செய்த ஆய்வு ஒன்றில், அடுத்த வாரம் முழுக்க நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியிலேயே கிடந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட மன அழுத்த அறிகுறிகள் அதிகமாகக் காணப்பட்டன. எது எதற்குக் காரணம் என்பதில் வாதம் உண்டு. பதற்றமானவர்கள்தான் அதிகம் பார்க்கிறார்களோ என்னவோ. ஆனாலும் இரவில் வட்ஸ்அப் குழுக்களை மூடிவைப்பதில் உங்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை.

உறக்கமின்மை ஏப்ரல் கடந்தும் தொடர்ந்தால், அல்லது மாமியிடம் நான் மேலே சொன்ன அறிகுறிகள் தெரிந்தால், அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், காசு கட்டத் தேவையில்லை. அங்கொடை என்றதும் வீட்டார் முகத்தைச் சுளிப்பார்கள் என்று தெரியும். அங்கேயுள்ள தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம். வெறுமனே யாராவது பொறுமையாகக் கேட்டால் போதும் என்றால் ஹோர்டன் பிளேசில் சுமித்ரயோ இருக்கிறது, 1974 இலிருந்து இந்த வேலையைச் செய்கிறவர்கள். எங்கே அழைத்தாலும் தமிழில் கதைப்பவர் வேண்டும் என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள். உடனே இல்லை என்றால் எந்த நாள், எத்தனை மணிக்கு இருப்பார் என்று கேட்டு எழுதிவைத்துக்கொண்டு அந்த நேரத்துக்குத் திரும்ப எடுங்கள். மாமிக்காக அழைப்பதாக இருந்தால் அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம்.